தெற்கு மூலை மண்

என் சொர்ணத்தக்காவுக்கு,

உன் வீப்பா, அந்த உரப் பீப்பாய், இன்னும் சுற்றுகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் எழுதப்போகும் வேறு எதையும் நீ காதில் வாங்கமாட்டாய். அச்சு தேய்ந்து கிரீச்சென்று சத்தம் போடுகிறது. அத்தான் தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தார், அடங்கவில்லை. கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் நேரே புறவாசலுக்குத்தான் போகிறார். வீப்பாவைச் சுற்றிவிட்டு வந்த பிறகுதான் காப்பி.

நீ போன பிறகு மனுஷர் பாதியாகிவிட்டார். வலியசாலையிலிருந்து பஸ் ஏறி, தூக்குவாளியில் குழம்பும் துவரனும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறேன். சாப்பிட்டாரா என்று மறுநாள் வீப்பாவின் கதவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். பாதி நாள் எல்லாம் அப்படியே அதற்குள் போயிருக்கும். என் கைப்பக்குவம் உன் செடிக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறது.

இதைத் தனியாக எழுதி உன் படத்துக்கு முன்னால் வைத்துவிடலாம்தான். ஆனால் உன் பிள்ளை செத்தபோது துட்டி கேட்க வராதவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அவர்களுக்காகச் சில விஷயங்களை நீ அறிந்தபடியே திரும்பச் சொல்லவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

கரமனையில் ஆற்றுக்குப் போகும் வழியில் உன் வீடு. முன்னால் தெரு, பின்னால் குறுகலான சந்து. இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு வீடும், நாலு பாய் விரித்தால் நிறைந்துவிடுகிற ஒரு புறவாசலும். வடக்கு ஓரத்தில் கிணறு. சந்துச் சுவரை ஒட்டி, வாளி வைத்த பழைய கக்கூஸ். தெற்கு மூலை மட்டும் சும்மா கிடந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே ஒரு வாழை வைக்கவேண்டும் என்று நீ எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாய். நேந்திரன் வைக்கவா, கதலி வைக்கவா என்பதுதான் அப்போது உன் பெரிய கவலை.

பிறகு நீ உண்டானாய். மாசம் நிறைந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. உனக்கு ஜன்னி கண்டு, நீயும் தங்கமாட்டாய் என்று நாகர்கோவிலுக்கு ஆள் வந்து சொல்லி, அம்மாவும் நானும் அலறிப் புடைத்துக்கொண்டு வந்தோம். நாங்கள் வந்து சேர்ந்தபோது நீ கண்ணைத் திறந்திருந்தாய். பிள்ளை எங்கே என்று அத்தானைக் கேட்டிருக்கிறாய். நம்ம வீட்டில்தான், தெற்கு மூலையில் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பல் முளைக்காத பிள்ளையை நாம் எரிப்பதில்லை, மண்ணுக்குத்தான் கொடுப்போம். இந்த ஊரில் அவரவர் வீட்டு வளவிலேயே தெற்குப் பக்கமாக வைப்பதும் நடக்கிறதுதான். ஆகவே வீட்டுக்குத் திரும்பிய அன்று நீ உள்ளே நுழைந்து உட்காரக்கூட இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நேரே புறவாசலுக்கு நடந்தாய். தெற்கு மூலையில் மண் புதிதாகக் கிளறி மூடியிருந்தது. நீ அதன் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் உன் பின்னால் நின்றேன். உன் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. அதை எனக்கு இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

யாரும் துட்டி கேட்க வரவில்லை. உயிரோடு பிறக்காத பிள்ளைக்குத் துட்டி கிடையாதாம். பெயர் கிடையாது, பதினாறு கிடையாது, வருஷம் திரும்பினால் திவசம் கிடையாது. எதிர்வீட்டுக்காரி வாசல்வரை வந்து, அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அம்மாவும் உன்னிடம் அதையே சொன்னாள். அடுத்தது இனி இல்லை என்று டாக்டர் சொன்னது அப்போது அத்தானுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா ஊருக்குத் திரும்பினாள், உனக்குத் துணையாக நான் இங்கேயே தங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து அந்தப் புறவாசலில் மண்வெட்டி இறங்கக்கூடாது என்று நீ சட்டம் போட்டாய். தெற்கு மூலையில் மட்டுமில்லை, எங்குமே. தெருவில் எல்லா வீட்டிலும் அடுக்களைக் குப்பைக்குக் குழி உண்டு. பழைய குழி நிறைந்தால் மண் போட்டு மூடி, பக்கத்தில் புதிதாக ஒன்று எடுப்பார்கள். உன் வீட்டில் பழைய குழி நிறைந்தது, புதிது எடுக்க நீ விடவில்லை. பலாச்சக்கைத் தோலும் வாழைத்தண்டும் கிணற்றடி ஓரத்தில் குவிந்து அழுகின. பெருச்சாளி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து அத்தானை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அத்தானுக்கு யாரிடமும் திருப்பிப் பேசத் தெரியாது. உன்னிடமும் பேசத் தெரியாது.

அப்போதுதான் அந்த வீப்பா வந்தது. சாலைக் கடைத்தெருவில் அவர் வேலைக்கு நிற்கிற இரும்புக்கடைக்கு ஓர் எஸ்டேட் மானேஜர் வந்து, ஏதோ படத்தைக் காட்டி, குப்பையை உரமாக்கச் சுற்றுகிற பீப்பாய் ஒன்று செய்துதரக் கேட்டாராம். பட்டறையில் அதைச் செய்வதை அத்தான் நின்று பார்த்திருக்கிறார். ஓட்டையாகிப்போன ஒரு தார் வீப்பாவை வாங்கி, நடுவில் குழாயைச் செருகி, பக்கத்தில் ஒரு கதவு வெட்டி, சுற்றிலும் ஆணியால் துளை போட்டு, இரண்டு இரும்புக் கால்களோடு கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. குப்பையை இதற்குள் போட்டுச் சுற்றினால் போதும், மண்ணைத் தொடவே வேண்டாம் என்று உன்னிடம் சொன்னார். அவர் உன்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் வருஷம் அது நம்மைப் படுத்திய பாடு. வைகாசிப் பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழையில் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே எல்லாம் கூழாகிவிட்டது. கதவைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். சாம்பலைக் கொட்டினாய், சுண்ணாம்பைக் கொட்டினாய், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் மரக்கடையிலிருந்து அறுத்த தூளைச் சாக்கில் கொண்டுவந்து கொட்டி, மேலே ஒரு தகரத்தைப் போட்டு மூடிய பிறகுதான் நாற்றம் அடங்கியது. தேங்காய் மட்டையைப் போட்டால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். சக்கைத் தோலைக் கொத்தாமல் போட்டால் வீப்பா ஒரு பக்கமாகக் கனத்து, சுற்றுகிறவன் கையைத் திருகிவிடும். இதெல்லாம் நீ பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டாய்.

ஒழுங்காக வேக ஆரம்பித்ததும் அந்த வீப்பா சூடாகிவிடும். மழைபெய்கிற காலையில்கூட வெதுவெதுவென்று இருக்கும். நீ பல் தேய்த்துவிட்டு வந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாய். காப்பி ஆறுகிறது என்று நான் கூப்பிட்டாலும் வரமாட்டாய். என்ன பார்க்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். உயிருள்ளது மாதிரி இருக்கிறது என்றாய். பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

முதல் உரம் வெந்து கறுப்பாக, மழைமண் வாசனையோடு உதிர்ந்தபோது எனக்குப் பூசணி போடலாம் என்று ஆசை. நீ சட்டியில் அள்ளிக்கொண்டு போய்த் தெற்கு மூலையில் பரப்பினாய். அடுத்ததையும் அங்கேயே. அதற்கடுத்ததையும். தின்கிற எதையும் அங்கே வைக்கவில்லை. உரம் முழங்கால் உயரத்துக்கு ஏறிய பிறகு, அந்தப் பொலபொலப்பில் கையாலேயே பள்ளம் பண்ணி ஒரு நந்தியாவட்டை நட்டாய். அது பூத்துக் கொட்டியது. சாமிக்கும் பறிக்கவில்லை, தலையிலும் வைக்கவில்லை. உதிர்ந்த பூவைப் பொறுக்கி வீப்பாவுக்குள் போட்டாய்.

தெருவுக்கு வேறு கணக்கு. ஆடி பிறக்கும் முன்னால் இங்கே வீட்டிலுள்ள குப்பை கூளம், பழைய துடைப்பம், உடைந்த சட்டி எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்க் கொட்டி, சேட்டையை, அதாவது மூதேவியை, அனுப்பிவிட்டுத்தான் சீதேவியை உள்ளே அழைப்பார்கள். உன் வீட்டிலிருந்து மட்டும் குப்பை வெளியே போவதில்லை. நீ சேட்டையை இரும்புக்குள் பூட்டி வைத்துப் பூசை பண்ணுகிறாய் என்று கிளப்பிவிட்டார்கள். உனக்குக் குழந்தை தங்காததற்கும் அதுதான் காரணமாம். குழந்தை போன பிறகுதான் வீப்பா வந்தது என்பதை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

ஒரு ஆடிக்கு எதிர்வீட்டுக்காரி இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, வீப்பாவை ஆற்றில் தள்ளிவிடச் சொன்னாள். நான் அவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுகிற ஆவேசத்தில் எழுந்தேன். நீ என் கையைப் பிடித்து உட்கார்த்தினாய். சாந்தமாகத்தான் சொன்னாய்.

"குப்பைன்னே இருக்கட்டும் மதினி. எம் பிள்ளைக்கு நான் வேற என்னத்த ஊட்டுகேன், சொல்லுங்க?"

அவர்கள் போய்விட்டார்கள். அதன் பிறகு உன் வீட்டு விசேஷம் என்று ஒன்று இல்லாதபடியால், யாரும் வரவில்லை என்று குறைசொல்லவும் வழியில்லை. மற்றவர்கள் வீட்டு வளைகாப்புக்கும் உன்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அந்த நாட்களில் நீ வீப்பாவை வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுற்றினாய் என்பது எனக்குத் தெரியும். எனக்குக் கல்யாணமாகி நான் வலியசாலைக்குப் போன பிறகு நீ அந்த வீட்டில் யாரோடு பேசினாய், அக்கா? அத்தானோடு இல்லை என்று நிச்சயமாகச் சொல்வேன்.

உன் சாவைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. வயிற்றில் கட்டி, தெரிந்தபோது காலம் கடந்திருந்தது, அவ்வளவுதான். கடைசியில் உனக்குத் தண்ணீரும் இறங்கவில்லை. பேச்சு நின்றுபோவதற்கு முன்னால் என் கையைப் பிடித்து, அந்த மூலையை யாரும் கிளறாமல் பார்த்துக்கொள் என்றாய். சரி என்றேன். என் தலையில் கைவைத்துச் சொல் என்றாய். வைத்தேன். உன் தலையில் முடியே இல்லை.

இப்போது நான் சொல்ல வந்தது. போன வருஷம் முனிசிபாலிட்டிக்காரர்கள் வந்து, வாளிக் கக்கூஸை எல்லாம் மூடவேண்டும், செப்டிக் டேங்க் கட்டவேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. டேங்க் எங்கே வரவேண்டும் என்று பார்க்க ஓவர்சீயர் ஒருவர் டேப்போடு வந்தார். கிணற்றிலிருந்து இத்தனை தூரம் தள்ளித்தான் டேங்க் இருக்கவேண்டுமாம், இல்லையென்றால் கழிவு ஊறிக் குடிதண்ணீரில் கலந்துவிடுமாம். அளந்து அளந்து வந்தவர் நேரே நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கிணறு அவிட. அப்போ டேங்க் இவிடத்தான் வரணும். வேற ஸ்தலம் இல்லல்லோ," என்றார்.

நான் விடவில்லை. என்ன செடி, வேறு செடி வைத்துக்கொள்ளலாமே என்றார் அவர் நல்ல மனுஷராக. அவரிடம் என்னவென்று சொல்வது? அத்தான் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். நீங்களாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று ஓவர்சீயருக்கு முன்னாலேயே அவரைக் கேட்டுவிட்டேன். யோசித்துச் சொல்லுங்கள் என்று கூறி ஓவர்சீயர் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தத் தவணை எனக்கு நரகமாக இருந்தது. தெருவில் மற்ற வீடுகளில் எல்லாம் டேங்க் வந்துவிட்டது. பின்சந்து வழியாக வாளி எடுக்க வரும் மாடத்தி, உன் ஒரு வீட்டுக்காக மட்டும் அந்தச் சந்துக்குள் நுழைந்தாள். மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, இருமிக்கொண்டு வருவாள். ஒருநாள் சந்துக் கதவண்டை என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"குழி எடுக்கமாட்டியன்னு சொல்லுதாவ, நெசமாம்மா? எனக்கு முடியல்லம்மா," என்றாள்.

செத்தவளுக்குக் கொடுத்த வாக்குக்காக உயிரோடு இருக்கிறவள் தலையில் நம் மலத்தை ஏற்றுவதா? ஏற்றமுடியாது என்றால் உன் பிள்ளையின்மேல் டேங்க் கட்டுவதா? அதுவும் எதற்கான டேங்க்! பஸ்ஸில் உட்கார்ந்து அழுதுகொண்டே வலியசாலைக்குப் போனேன். பக்கத்தில் இருந்தவள் யார் தவறிப்போனது என்று மலையாளத்தில் கேட்டாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அத்தானைப் பிடித்துக்கொண்டேன். அவர் வீப்பாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். உங்கள் பிள்ளைதானே, உங்கள் கையால்தானே வைத்தீர்கள், ஒரு சொட்டுக் கண்ணீராவது உங்களுக்கு வந்ததுண்டா, என் அக்காள் இத்தனை வருஷம் ஒற்றைக்கு நின்று அழுதாளே என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் சுற்றுவதை நிறுத்தினார். கைப்பிடியை விடவில்லை.

"அங்க ஒண்ணும் இல்ல, வடிவு," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பிள்ள அங்க இல்ல. நான் கொண்டாரவே இல்ல."

அக்கா, இனி எழுதுவதை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று தெரியவில்லை. ஆனால் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லுவேன்?

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ஆயா துணியில் பொதிந்து குழந்தையைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். நீங்கள் கொண்டுபோகிறீர்களா, இல்லை நாங்கள் பார்த்துக்கொள்ளவா என்று கேட்டிருக்கிறாள். அதே நேரம் உள்ளேயிருந்து நர்ஸ் ஓடிவந்து, உனக்கு ஊசிமருந்து உடனே வெளியிலிருந்து வாங்கிவரவேண்டும், நின்றால் ஆள் போய்விடும் என்று சீட்டை நீட்டியிருக்கிறாள். அத்தான் ஆயாவிடம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மருந்துக்கு ஓடியிருக்கிறார். திரும்பி வந்து ஊசியைக் கொடுத்துவிட்டுக் குழந்தை எங்கே என்று தேடினார். ஆயா பின்பக்கத்தை நோக்கிக் கையைக் காட்டினாள். அங்கே ஒரு பெரிய குழி. காக்காய்கள். அவர் அதற்கு மேல் போகவில்லை.

நீ கண்விழித்துக் கேட்டாய். உன் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது தெற்கு மூலை. அப்போதைக்குச் சொல்லிவைப்போம், தேறியதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாராம். வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்து, ஒன்றுமில்லாத ஒரு குழியை வெட்டி, ஒன்றுமில்லாமலேயே அதை மூடியிருக்கிறார். நீ வந்து பார்த்தால் மண் கிளறியிருக்கவேண்டுமே. நாம் பார்த்த புதுமண் அதுதான்.

பிறகு நீ அந்த மூலையைவிட்டு எழுந்திருக்கவில்லை. எப்படிச் சொல்வது? ஒவ்வொரு ஆடிக்கும் சொல்லிவிடலாம் என்று இருப்பாராம். இரும்புக்கடையில் நாள் முழுக்க யார் யாரோடோ பேசுகிற மனுஷர் வீட்டுக்குள் வந்தால் ஊமையாகிப்போனது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைத் திறந்தால் அதுதான் வரும் என்ற பயம்.

எனக்கு இரக்கம் வரவில்லை, அக்கா. உள்ளதைச் சொல்கிறேன். தூக்குவாளியை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. என் வீட்டுக்காரர் மெதுவாக, அந்த மனுஷர் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுகிறாரோ என்றார். இரும்பைத் தின்னட்டும் என்றேன். நீ சட்டிசட்டியாக அள்ளிப் போட்டதெல்லாம் வெறும் மண்ணுக்கா? தெருவே உன்னைச் சேட்டைக்காரி என்றபோது நீ பொறுத்துக்கொண்டது ஒரு வெற்றுக்குழிக்காகவா? உன் பிள்ளையைக் காக்காய்க்கு விட்டுவிட்டு உன்னை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டாரே என்று வயிறு எரிந்தது.

எரிந்து எரிந்து அடங்கியபோது ஒன்று தோன்றியது. பிள்ளை அங்கே இல்லையென்றால் நான் கொடுத்த வாக்கும் அங்கே இல்லை. டேங்க் வெட்டலாம். மாடத்தி இனி வரவேண்டாம். நினைத்ததும் மூச்சு லேசாகியது. லேசானதை நினைத்து என்மேலேயே வெறுப்பாகவும் இருந்தது. ஓவர்சீயர் சொன்ன தவணை முடிகிற நேரம் கரமனைக்குப் போனேன். அத்தான் திண்டாடித் திரிவார் என்று நினைத்தேன், அவர் வீப்பாவின் கதவைத் திறந்து உரத்தை அள்ளிக்கொண்டிருந்தார். அள்ளியதைத் தெற்கு மூலையில் கொண்டுபோய்க் கொட்டினார், நீ கொட்டுகிற மாதிரியே, செடியின் தூரைச் சுற்றிக் கையால் அணைத்து.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வெட்டச் சொல்லிவிடுங்கள், அதுதான் ஒன்றும் இல்லையே என்றேன்.

"வேண்டாம். கிணத்த மூடிரலாம்," என்றார்.

கிணற்றை மூடிவிட்டால் தூரக்கணக்கு இல்லை. வடக்கு ஓரத்திலேயே டேங்க் கட்டிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக் கிணறுகள் எல்லாம் தெருப்பக்கம்தான் இருக்கின்றன, யாருக்கும் கெடுதல் இல்லை. ஓவர்சீயரிடம் அவரே போய்க் கேட்டு வந்திருக்கிறார். வாயில்லாத மனுஷர் ஆபீஸுக்குப் போய் நின்று பேசியிருக்கிறார். ஆனால் அந்தக் கிணற்றுத் தண்ணீருக்காகத்தானே நீங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டையே பிடித்தீர்கள்? கோடையில் தெரு முழுவதும் வந்து குடம் வைத்த கிணறு அல்லவா?

"அங்க ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொன்னிய?" என்று கேட்டேன்.

கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை, செடியைத்தான் பார்த்தார்.

"நான் வைக்கல்ல, வடிவு. அவ அங்கதானே வச்சிருந்தா."

நான் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தேன். அவர் காப்பி போட்டுக் கொண்டுவந்து தந்தார். சீனி போட மறந்திருந்தார், அப்படியே குடித்தேன்.

கிணற்றை மூடினார்கள். மூடுவதற்கு முன்னால் மஞ்சளும் பாலும் விட்டோம். கிணறு மூச்சுவிட வேண்டும் என்று வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரர்கள் ஒரு குழாயை நட்டுவிட்டு மண் தள்ளினார்கள். முதல் கூடை மண் தண்ணீரில் விழுந்த சத்தத்தை அத்தானால் கேட்கமுடியவில்லை, வாசலுக்குப் போய்விட்டார். இப்போது குழாய்த் தண்ணீர்தான். காலையில் நூல் மாதிரி வரும், சில நாள் அதுவும் வராது. வாயில் வைத்தால் மருந்து நாற்றம். டேங்க் வந்துவிட்டது. மாடத்தி வருவதில்லை. அவளுக்கு வேறு வேலை கிடைத்ததா, ஊருக்குப் போய்விட்டாளா என்று விசாரித்துப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை.

அத்தானை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. சாப்பாடு மட்டும் திரும்பக் கொண்டுபோகிறேன். ஆனால் ஒரு கேள்வி என்னைப் போட்டுக் குடைகிறது. அதற்கு நீதான் பதில் சொல்லவேண்டும், நீயோ இல்லை. அந்தப் புறவாசலில் மண்வெட்டி இறங்க நீ விட்டதேயில்லை. பிள்ளை அங்கே இருக்கிறது என்பதாலா, அக்கா? இல்லை, வெட்டிப் பார்த்தால் இல்லாமல் போய்விடுமோ என்றா? அத்தானின் பொய்யை அவர் முகத்திலிருந்து முதல் நாளே நீ படித்துவிட்டாயா? அவருக்காகத்தான் அதை நம்பினாயா?

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சுற்றி வந்தேன். கிணறு மூடிய சில நாள் கழித்து, கேட்காமலே அத்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் அந்த ஆயா துணியை விலக்கிக் காட்டியபோது அவர் பார்த்திருக்கிறார். நீ என்றைக்காவது கேட்பாய், அப்போது சொல்லவேண்டும் என்று மனசில் அப்படியே வைத்திருந்தாராம். கூடவே, கேட்டுவிடுவாயோ என்ற நடுக்கமும். ஒரு நாளும் நீ கேட்கவில்லை.

பெண்பிள்ளை, அக்கா. தலை நிறைய முடியாம். நெற்றி அப்படியே உன்னுடையதாம்.

அத்தானுக்குக் கை ஓயும்போது வீப்பாவை நான் சுற்றுவேன். வீடு யார் கைக்குப் போனாலும், நான் இருக்கும்வரை அந்த மூலையில் மண்வெட்டி விழாது. இது உனக்குச் சரி என்று சொன்னதற்காக இல்லை, இப்போது நானாகச் சொல்வது. ஒவ்வொரு தடவை உரம் கொட்டும்போதும் உன்னைப் பற்றி அவளுக்கு ஏதாவது சொல்லிவிட்டு வருவேன்.

உன் தங்கச்சி,
உன் மகளுக்குச் சித்தி,
வடிவு